கொக்கி வைத்த சக்கரம்

யார் டீ நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். அவருக்கு வயிற்றில் புண். டீ ஆகாது. ஆனாலும் குடிப்பார். லாரிக்காரர் கொடுத்தால் ஒன்று, மூட்டை தூக்குகிறவர்கள் கொடுத்தால் ஒன்று, முதலாளி வீட்டுத் தூக்குவாளி வந்தால் அதில் ஒன்று. குடித்துவிட்டு உமிக் குவியலுக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டால், “ஆசையாக் குடுக்குறாங்க தாயி” என்பார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் சரி என்பார். அதனால்தான் கேட்கவில்லை.

எங்கள் ரைஸ்மில்லில் அவர் பாய்லர்காரர். சமயநல்லூர் தாண்டி வைகைக் கரையை ஒட்டி இருந்தது அந்த மில். நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, பாய்லரிலிருந்து ஆவியை விட்டு அவித்து, களத்தில் காயவைத்து, அப்புறம் அரைப்பார்கள். அவிப்பது அவர் வேலை. காயவைப்பது எங்கள் வேலை. நான், பஞ்சவர்ணம், இன்னும் ஆறு பெண்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். காலால் நெல் கிண்டியே பதினெட்டு வருஷம் போனது.

பஞ்சவர்ணத்துக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மேற்கே மேகம் கூடியது. களம் முழுக்க நெல் கிடக்கிறது. பஞ்சவர்ணம் பாய்லர் கொட்டகை வாசலில் நின்று, “அண்ணே, மழை வரும்ல?” என்றாள். “வரும் தாயி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தள்ளிவிட்டாள். நான் போய், மழை வராதுல்லண்ணே என்று கேட்டேன். “வராது தாயி” என்றார்.

பஞ்சவர்ணம் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். “பாவம்டி அந்த மேகம். அது எங்கிட்டுத்தான் போகும்? இவரு ரெண்டு பக்கமும் வழி விட்டுட்டாரு.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கேட்கிறவர் எந்தப் பதிலை வைத்துக்கொண்டு கேட்கிறாரோ அந்தப் பதிலையே எடுத்துக் கொடுப்பார். அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

சைக்கிளை யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு நடந்து போவார். தீபாவளிக்கு எடுத்த சட்டையை மூட்டைக்காரர் ஒருவர் நல்லா இருக்கே என்றார். மறுநாள் மூட்டைக்காரர் மேலே அந்தச் சட்டை. பாய்லர்காரர் சம்சாரம் ஒருதடவை சாப்பாடு கொண்டுவந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஆளுக்கு வாக்கப்பட்டது தண்ணிப் பந்தலுக்கு வாக்கப்பட்ட மாதிரி என்று சொன்னது. வருகிறவன் போகிறவன் எல்லாம் மோந்துகொண்டு போகிறான் என்றது. அது அழவில்லை. கோபப்படவும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனது.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. உமியை ஒரே சீராகத் தள்ளுவார். தண்ணீர்க் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். பாய்லருக்கு முன்னால் அவர் உட்கார ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

மில்லின் கதை அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னால் இருந்த பாய்லர்காரர் சொன்னது. இந்த முதலாளியின் பாட்டனுக்கும் முந்தினவர், ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டிப் பெரிய சக்கரம் போட்டாராம். தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் அரவை ஓடும். முதல் வருஷம் இரண்டு மாதம் ஓடியது. மறு வருஷம் ஆறு வரவில்லை. ஆழமாக வெட்டினார். அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. சாமி கும்பிட்டார், கிடா வெட்டினார். ஆறு மணலாகக் கிடந்தது. அப்புறம்தான் ஸ்டீம் இன்ஜின் வாங்கியது. ரயிலில் வந்து இறங்கியதை மாடு பூட்டி இழுத்துவர நாலு நாள் ஆனதாம். பாய்லர் ஆவியைக் கொடுக்க, இன்ஜின் சுற்ற, மேலே நீளத் தண்டில் பெல்ட் மாட்டி மில் முழுக்க ஓடியது. பிறகு கரண்ட் வந்தது. இன்ஜினை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நெல் அவிக்க மட்டும் பாய்லர் தங்கியது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் முந்தினது பழசாகிவிட்டது. தண்ணீர்ச் சக்கரம் இருந்த குழியில் நாங்கள் சாம்பல் கொட்டினோம்.

இதைச் சொல்லும்போது அவர் ஆற்றுப் பக்கம் பார்ப்பார். கருவேலம் மண்டிக் கிடக்கும்.

“ஆறு வரலைன்னா வரலைதான் தாயி. எம்புட்டுப் பெரிய முதலாளியும் ஒண்ணும் பண்ண முடியாது. நெருப்பு அப்படி இல்லை. போட்டா எரியும். இன்னும் போட்டா இன்னும் எரியும்.”

இன்ஜினில் ஒரு சின்னப் பல்சக்கரம் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு கையாலும் தூக்குகிற கனம். அதில் ஒரு கொக்கி வைத்திருந்தது. முதலாளி பட்டறைக்கு அனுப்பி அடித்து வாங்கியது. எதற்கு என்று நான் கேட்டேன். அவர் பாய்லர் உச்சியைக் காட்டினார். அங்கே சேப்டி வால்வு. அதன்மேல் நீட்டுக் கம்பி ஒன்று, கம்பி நுனியில் ஒரு குண்டு. உள்ளே ஆவி அளவுக்கு மேல் போனால் குண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பெரிய சத்தம் வரும். அவசர லோடு என்றால் முதலாளி வந்து நிற்பார். “அதை மாட்டுப்பா” என்பார். இவர் ஏணியில் ஏறி அந்தச் சக்கரத்தைக் குண்டோடு சேர்த்துத் தொங்கவிடுவார். அப்புறம் வால்வு தூக்காது. ஆவியின் அளவு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போகும். நெல் சீக்கிரம் வேகும்.

அது தப்பில்லையாண்ணே என்று கேட்டேன். “தப்புத்தான் தாயி” என்றார். முதலாளி ஒன்றும் ஆகாதில்ல என்று கேட்டபோது, “ஆகாதுங்க மொதலாளி” என்று சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன். ஒரே நாள். காலையில் அது, மத்தியானம் இது.

சக்கரம் தொங்குகிற நாளில் மட்டும் அவர் டீ குடிக்க வெளியே வரமாட்டார். முள்ளைப் பார்த்தபடி நிற்பார். வியர்வை கால்வரை வழியும்.

அது நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். சித்திரை மாதம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். காலையிலேயே எங்கள் மில்லுக்குப் பின்னால் ஆறு வந்துவிட்டது. செம்மண் நிறம். நுரையும் செருப்பும் பிளாஸ்டிக்கும் முன்னால் வந்தன. வருஷத்தில் அந்த நாலு நாள்தான் எங்கள் ஆறு ஆறாக இருக்கும். அவர் கரையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

களத்துப் பெண்கள் எட்டுப் பேரும் மதுரைக்குப் போகிறதாகப் பேசியிருந்தோம். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் கால் வைக்க இடமிருக்காது. இன்னும் ஒரு தொட்டி நெல் வேகாமல் இருந்தது. அது வெந்து, களத்தில் பரப்பினால்தான் போகலாம். எப்போதும் போல வெந்தால் ஆறு மணி ஆகும். முதலாளி அன்று இல்லை. கல்யாணத்துக்குத் திருமங்கலம் போயிருந்தார்.

பஞ்சவர்ணம் என்னைப் போகச் சொன்னாள். நீ கேட்டால் செய்வார் என்றாள். யார் கேட்டாலும் செய்வார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் போனேன்.

“அண்ணே, மூணு மணிக்குள்ள முடிச்சுத் தாங்கண்ணே. அழகரைப் பாக்கணும்.”

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து பாய்லரின் அடிப்பக்கம் பார்த்தார். அங்கே சேறு எடுக்கிற மூடி ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஈரம் கசிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“மூடி ஒழுகுது தாயி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய ‘முடியாது’ அதுதான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான், “ஒரு நாளைக்குத்தானண்ணே” என்றேன். நல்லாத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன்.

“சரி தாயி.”

சக்கரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு களத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணி இருக்கும். பஞ்சவர்ணம் முகம் கழுவ வெந்நீர் பிடிக்கக் கொட்டகைக்குப் போனாள். அடுத்த நிமிஷம் தரை ஒருதரம் உதறியது. வெடிச்சத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய மாடு ஒன்று மூச்சு விட்டது மாதிரி. கொட்டகைக்குள் ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. சேறு எடுக்கிற மூடி பிய்ந்து எதிர்ச் சுவரை உடைத்திருந்தது. கொதித்த தண்ணீரும் ஆவியும் அந்த ஓட்டை வழியாக வந்துகொண்டே இருந்தன. அவர்தான் பஞ்சவர்ணத்தை வெளியே இழுத்துப் போட்டார். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்திருந்தது. அவருக்கு வலது கை, கழுத்து, பாதி முதுகு. கையைத் தனக்குச் சொந்தமில்லாத பொருள் மாதிரித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். உமி அடுப்பைப் பார்த்து, “நெருப்பை இழுத்து வெளியே போடுங்கப்பா, தண்ணி ஊத்திராதீங்க” என்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேரையும் லோடு வண்டியில் ஏற்றி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் எல்லாம் கூடப் போய்விட்டார்கள். பெண்கள் களத்தில் கூட்டமாக நின்றார்கள். நான் கொட்டகைக்குள் போனேன்.

ஆவி அடங்கியிருந்தது. மேலே பார்த்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை மாட்டியது அவர் கை. போலீஸ் வந்து பார்த்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மாட்டச் சொன்னது நான். அதையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஏணியில் ஏறினேன். இரும்பு சுட்டது. தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சக்கரத்தைக் கழற்றினேன். கூடையில் போட்டு மேலே உமி அள்ளிப் போட்டேன். தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் அழகர் பார்க்கப் போகிறவர்கள் எதிரே வந்தார்கள்.

வைத்துவிட்டு மில்லுக்குத் திரும்பினேன். அதற்குள் முதலாளி திருமங்கலத்திலிருந்து வந்துவிட்டார். கல்யாணச் சட்டை. கொட்டகைக்குள் போய் உடைந்த சுவரைப் பார்க்கவில்லை. நேராக மேலே பார்த்தார். கம்பியில் குண்டு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. நான் அதைப் பார்த்தேன். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் உமியைத் தட்டிவிட்டுச் சக்கரத்தை எடுத்தேன். கொக்கியில் விரல் பட்டது. பட்டறையில் வைத்து அடித்த கொக்கி. சும்மா ஒருநாள் அவசரத்துக்கு மாட்டுகிறவன் கயிற்றால் கட்டுவான். கொக்கி வைக்க மாட்டான். இது மாட்டுவதற்கென்றே செய்த சாமான். செய்யச் சொன்னது யார் என்று பட்டறைக்காரரைக் கேட்டால் தெரிந்துபோகும். பாய்லர்காரருக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதை நான் தலையில் சுமந்து வந்திருந்தேன்.

திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிடலாமா என்று யோசித்தேன். கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சர்க்காரிலிருந்து பாய்லர் ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் பஞ்சவர்ணத்துக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஆண்கள் வார்டில் அவரையும் பார்க்கப் போனேன். வாழை இலைமேல் படுக்கவைத்திருந்தார்கள். ஆபீசர் கட்டில் பக்கம் நின்றார். முதலாளி இந்தப் பக்கம் நின்றார். சம்சாரம் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது. நான் கஞ்சித் தூக்கோடு சுவரை ஒட்டி நின்றேன்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். முள் சிவப்பைத் தாண்டிய இடத்திலேயே உடைந்து நிற்கிறது, வால்வு ஏன் தூக்கவில்லை என்றார். கட்டிலில் கிடந்தவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, வெயில் சார், அசந்து தூங்கிட்டான் போல என்றார்.

“தூங்கிட்டீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“வால்வு துருப்பிடிச்சு இறுகியிருக்கும். மாசா மாசம் தூக்கிப் பாக்கணும். பாக்காம விட்டுட்டீங்களா?”

“ஆமாங்கய்யா.”

வாரா வாரம் அவர் அதைத் தூக்கிப் பார்ப்பார். உஸ்ஸென்று பெரிய சத்தம் வரும். களத்தில் நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம்.

ஆபீசருக்கு முழுக்க நம்பிக்கை இல்லை போல. திரும்பி என்னைப் பார்த்தார். மில்லில் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமா என்றேன். அந்தக் கம்பியில் வேறு ஏதாவது தொங்கியதைப் பார்த்தீர்களா என்றார்.

அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். முதலாளி பார்த்தார். சம்சாரம் பார்த்தது. பார்த்தேன் என்று சொன்னால் அது எங்கே என்பார். எடுத்தது யார் என்பார். மாட்டச் சொன்னது யார் என்பார்.

“தெரியாதுங்க” என்றேன்.

கட்டிலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமா, வலியா, தெரியவில்லை. ஆபீசர் எழுதிக்கொண்டார்.

அவருடைய பாய்லர் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டார்கள். வேலை போனது. வேறு மில்லிலும் சேர்க்க முடியாது. வலது கையில் மூன்று விரல் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் முதலாளி புது பாய்லர் போட்டார். அது அளவு மீறினால் தானாகவே நின்றுவிடுமாம். யார் சொன்னாலும் ஓடாதாம். நானும் களத்தை விட்டு நின்றுவிட்டேன். பஞ்சவர்ணம் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

சக்கரம் வீட்டிலேயே கிடந்தது. கொஞ்ச காலம் கட்டிலுக்கு அடியில். பிறகு தண்ணீர் டிரம் மூடி காற்றில் பறக்கிறது என்று அதன்மேல் தூக்கி வைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் அவரைப் பார்த்தேன். கோரிப்பாளையம் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு நீர்மோர்ப் பந்தல். இடது கையால் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. ஒரு பையன், “பெருசு, இங்கிட்டு நாலு” என்றான். “சரிப்பா” என்றார். எனக்கு மோர் கொடுக்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா இருக்கியா தாயி?”

சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். மகள் வீட்டில் இருக்கிறாராம். நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொன்னேன். சக்கரத்தை எடுத்தது நான்தான் என்றேன்.

“தெரியும் தாயி” என்றார். “அன்னிக்கு நீ ஒருத்திதான நான் அதை மாட்டுனதப் பாத்தே.”

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“எம்மேல கோவம் இல்லைல்லண்ணே?”

“இல்லை தாயி.”

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நான் எப்படிக் கேட்டேனோ அப்படியே பதில் வந்திருக்கிறது. மழை வராதுல்ல என்று கேட்டேன், வராது என்றார். ஆபீசர் கேட்டதும் இப்படித்தான். கோபம் இருக்கா என்று கேட்டிருந்தால் இருக்கு என்றிருப்பார். அதையும் நம்ப முடியாது. அந்த மனிதரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

ஒரு வருஷம் யோசித்தேன். போன சித்திரையில் சக்கரத்தை மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போனேன். கண்டக்டர் பையைக் காலால் நகர்த்திப் பார்த்து, “என்னக்கா, மலையைப் பேத்துக் கொண்டு வாரியா?” என்றான். நகரவில்லை.

அதே பந்தலில் இருந்தார். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். நான் பையைப் பலகையில் வைத்துச் சக்கரத்தை வெளியே எடுத்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒட்டிப்போன விரல்களால் கொக்கியைத் தொட்டார். மோர் கேட்டுக் கூட்டம் நெருக்கியது. அவர் திரும்பவில்லை.

நான் கேள்வியாக எதுவும் கேட்கவில்லை. “எடுத்துக்கங்கண்ணே. ஆபீசுல கொண்டுபோய்க் காட்டுங்க. நான் கூட வாரேன். நடந்ததைச் சொல்றேன்” என்றேன்.

அவர் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். சக்கரத்தை என் பக்கம் தள்ளினார். ஒற்றைக் கையால் தள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வேண்டாம் தாயி.”

பிறகு மோர்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். பையில் போட்டுக்கொண்டு அழகரைப் பார்க்காமல் பஸ் ஏறினேன். சக்கரம் இப்போதும் டிரம் மூடியின்மேல்தான் இருக்கிறது. வீட்டில் மற்றவர்களால் அதைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை தண்ணீர் மோக்கவும் நான்தான் இறக்கி வைத்து, நான்தான் திரும்ப ஏற்றுகிறேன்.